இருபதாவது தனிமத்துக்குப் பிறகு: ஆர்பிட்டாலுக்கு வடிவமும் ஆற்றலும் சொந்தமா?

மூவாரிலோ குளுவாங்கிலோ ஜொகூர் பாருவிலோ படிவம் 4-இல் வேதியியல் எடுத்த மாணவர், கால்சியத்தின் எலக்ட்ரான் அமைப்பை 2.8.8.2 என்று எழுதிவிடுவார். இந்த எண் ஒவ்வொன்றும் ஒரு கூடு. மலாய்ப் பாடநூல் அதைப் 'பெத்தாலா' என்கிறது. ஏழு அடுக்கு வானத்தைக் குறிக்க மலாய் மொழியில் வழங்கும் அதே சொல்தான். ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்ற பிள்ளைக்கு அணுவின் உட்பகுதி மலாயில் அல்லது ஆங்கிலத்தில்தான் அறிமுகமாகிறது. அப்போது அது அடுக்கடுக்கான வானம் போலவே மனத்தில் பதிகிறது. பாடமும் அந்தப் படத்துக்கு இடைஞ்சல் வராத எல்லையில், முதல் 20 தனிமங்களோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் கூட்டுக்கு 8 என்ற வரம்பு அந்த இருபதுக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

இருபத்தொன்றாவது தனிமமான ஸ்காண்டியத்தில் சிக்கல் தொடங்குகிறது. எஸ்.டி.பி.எம். வகுப்பிலோ தங்காக்கில் உள்ள ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரியிலோ அடுத்த படியில் கால் வைக்கும் மாணவருக்குக் கூடுகள் உடைந்து எஸ், பி, டி என்ற ஆர்பிட்டால்களாகின்றன. அத்தோடு இரண்டு விதிகளும் வருகின்றன. 4எஸ் ஆர்பிட்டால் 3டி-யை விட ஆற்றலில் தாழ்ந்தது, ஆகவே முதலில் நிரம்பும் என்பது ஒன்று. அணு அயனியாகும்போது 4எஸ் எலக்ட்ரான்களே முதலில் வெளியேறும் என்பது மற்றொன்று. கூர்ந்து கவனிக்கும் மாணவர் இங்கே இடறுவார். தாழ்ந்த மட்டத்தில் இருப்பதுதானே அணுக்கருவோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டும்? அதைத்தானே கடைசியில் பிய்த்தெடுக்க முடியும்? பந்திக்கு முந்தியவர் இலையை விட்டு எழுவதிலும் முந்துவது எப்படி?

இது தேர்வறையில் முளைத்த ஐயம் அல்ல. ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் குடியிருக்கும் இடமா, அல்லது நாம் கணக்குப் போட வைத்துக்கொண்ட கருவியா என்று ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவரும் வழக்கின் ஒரு கிளை. இதுவரை வந்த விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், குழப்பத்தின் பெரும்பகுதி ஒரே பழக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றுகிறது. முழு அணுவுக்கு உரிய ஆற்றலை ஒற்றை ஆர்பிட்டாலின் சொத்தாக எழுதிவைப்பதே அந்தப் பழக்கம்.

கோடுகளிலிருந்து எழுத்துகள்

எஸ், பி, டி, எஃப் என்ற எழுத்துகள் வடிவத்தைப் பார்த்து இட்ட பெயர்கள் அல்ல. நிறமாலைக் கோடுகளைத் தரம் பிரித்த ஆய்வாளர்கள் ஒரு வரிசையைக் கூர்மையானது, ஒன்றை முதன்மையானது, ஒன்றைப் பரவியது, ஒன்றை அடிப்படையானது என்று ஆங்கிலத்தில் அழைத்தார்கள். அந்தச் சொற்களின் முதலெழுத்துகளே இவை. அணுவுக்குள் எலக்ட்ரான் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில் பிறந்தவை. 1885-இல் சுவிஸ் பள்ளி ஆசிரியர் யோஹான் பால்மர், ஹைட்ரஜனின் 656, 486, 434, 410 நானோமீட்டர் கோடுகளை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். 1913-இல் நீல்ஸ் போர் அந்தச் சூத்திரத்துக்குக் காரணம் தந்தார். அவருடைய கணக்கில் ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்கள் −13.6 எலக்ட்ரான்வோல்ட்டை 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களால் வகுத்தால் கிடைப்பவை. எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றும் படமும் அவரிடமிருந்து வந்ததே. அந்தப் படத்தை இயற்பியல் 1926-லேயே கைவிட்டது. பள்ளிச் சுவர்களில் மட்டும் அது இன்னும் தொங்குகிறது.

போரின் விடைக்கு வரம்பு உண்டு, ஆனால் அதை வெறும் தவறு என்று தள்ளிவிட முடியாது. 1920களின் தொடக்கத்தில் அவர் தனிமங்களுக்கு எலக்ட்ரான் அமைப்பு எழுதியபோது, 72-ஆம் தனிமம் அரிய மண் தனிமமாக இராது, சிர்க்கோனியத்தின் உறவாகவே இருக்கும் என்று வாதிட்டார். கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் சிர்க்கோனியத் தாதுவிலேயே அதைக் கண்டுபிடித்து, 1923-இல் ஹாஃப்னியம் என்று பெயரிட்டார்கள். இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஹீலியத்தின் ஆற்றலைக் கணக்கிடும் இடத்தில்தான் போரின் முறை கைவிரித்தது. 1925-இல் பௌலியின் தவிர்ப்புத் தத்துவமும் 1926-இல் ஷ்ரோடிங்கரின் அலைச்சமன்பாடும் வந்தன. அலைச்சார்பின் வர்க்கத்தை நிகழ்தகவாகப் படிக்க வேண்டும் என்று மாக்ஸ் போர்ன் அதே 1926-இல் சொன்னார். சுற்றுப்பாதை என்ற பொருள்தரும் பழைய சொல்லிலிருந்து சற்றே விலக்கி 'ஆர்பிட்டால்' என்ற சொல்லை 1932-இல் முல்லிகன் புழக்கத்தில் விட்டார். ஓர் எலக்ட்ரானுக்கான அலைச்சார்பு என்பதே அதன் பொருள். பாதை இல்லை என்று சொல்ல வந்த சொல்லுக்குள் பாதையின் பெயரே ஒட்டிக்கொண்டிருப்பது சற்று வேடிக்கைதான்.

வடிவம் என்று எதைச் சொல்கிறோம்

எஸ் உருண்டை, பி டம்பெல், டி நான்கிதழ்ப் பூ என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார். இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. எலக்ட்ரானைக் காண 90 விழுக்காடு வாய்ப்புள்ள பரப்பை வரைந்த எல்லைப் படம் ஒன்று. கோணத்தைப் பொறுத்த பகுதியை மட்டும் வரைந்து, அணுக்கருவில் தொட்டுக்கொள்ளும் இரண்டு பந்துகளாகக் காட்டும் படம் இன்னொன்று. அடர்த்தியைப் புள்ளிமேகமாகத் தூவிய படம் மூன்றாவது. 1931-இல் ஹார்வி வைட் என்ற அமெரிக்கர், சுழலும் இயந்திர மாதிரி ஒன்றைச் செய்து அதைப் புகைப்படமெடுத்து ஹைட்ரஜனின் எலக்ட்ரான் மேகம் எப்படித் தோன்றும் என்று காட்டினார். அவர் படமெடுத்தது கைப்பட உருட்டிய ஒரு மாதிரியைத்தான், அணுவை அல்ல. பாடநூல்கள் இம்மூன்றையும் வேறுபாடு சொல்லாமல் கலந்து அச்சிடுவதால், டம்பெல்லின் விளிம்பு ஏதோ தோல் போல எலக்ட்ரானை உள்ளே அடைத்துவைத்திருப்பதாக மாணவர் எண்ணுகிறார். பி ஆர்பிட்டாலின் நடுவே நிகழ்தகவு சுழியாக இருக்கும்போது எலக்ட்ரான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எப்படிக் கடக்கிறது என்ற புகழ்பெற்ற கேள்வியும் அங்கிருந்தே பிறக்கிறது. கடப்பதற்குப் பாதை என்று ஒன்று இருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு.

வடிவத்தின் திசை அதைவிட நுட்பமான சங்கதி. தனியே மிதக்கும் அணுவுக்கு எக்ஸ், ஒய், இசட் என்ற அச்சுகள் எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. சமன்பாடு நேரடியாகத் தரும் பி தீர்வுகளில் இரண்டு, சிக்கல் எண்கள் கலந்தவை. அவற்றின் அடர்த்தி டம்பெல்லாக இராது, வளையமாக இருக்கும். அவற்றைக் கூட்டியும் கழித்தும் மெய்யெண் வடிவத்துக்கு மாற்றினால் நமக்குப் பழகிய மூன்று டம்பெல்கள் கிடைக்கும். இரண்டு தொகுப்புகளும் சமமாகச் சரியானவை. டி ஆர்பிட்டால்களில் நான்கு பூவைப் போலவும் ஒன்று மட்டும் நடுவில் வளையம் மாட்டிய டம்பெல்லாகவும் இருப்பது ஏன் என்ற கேள்விக்கும் இதே விடைதான். பூ வடிவத்தில் ஆறு எழுத முடியும், ஆனால் ஐந்துதான் ஒன்றையொன்று சாராதவை. மிஞ்சும் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது நம் வசதிக்காகச் செய்யும் ஏற்பாடு. முழுதும் நிரம்பிய அல்லது பாதி நிரம்பிய துணைக்கூட்டின் அடர்த்தி எல்லாத் திசையிலும் ஒரே சீரான உருண்டை என்று 1927-இல் ஆல்பிரெக்ட் உன்சோல்ட் காட்டினார். நியான் அணுவில் மூன்று டம்பெல்கள் குறுக்கும் நெடுக்கும் நீட்டிக்கொண்டிருக்கும் படத்தை வரையலாம், ஆனால் அதன் மொத்த அடர்த்தியில் டம்பெல்லின் சாயல் துளியும் இல்லை.

அப்படியானால் வடிவங்கள் பொய்யா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. பொய்யல்ல. அக்கம்பக்கத்தில் வேறு அணுக்கள் வந்து அமர்ந்தவுடன் திசைகளுக்குப் பொருள் பிறக்கிறது. நிக்கலையோ செம்பையோ சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் நிற்கும்போது, அவற்றை நோக்கி நீளும் டி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் உயர்கின்றன, இடைவெளிகளை நோக்குபவை தாழ்கின்றன. செம்பு சல்பேட் கரைசலின் நீலம் இந்த இரு வகைகளுக்கு இடைப்பட்ட ஆற்றல் வித்தியாசத்தின் அளவு. சுற்றுச்சூழல் திசையைத் தேர்ந்துகொடுத்த பிறகு, வடிவம் உண்மையான வேலையைச் செய்கிறது. தனி அணுவின் மேல் அதை ஒட்டிவிடுவதில்தான் எச்சரிக்கை தேவை.

ஒரே 19 எலக்ட்ரான்கள், மூன்று அணுக்கருக்கள்

4எஸ் முந்துமா 3டி முந்துமா என்ற கேள்விக்கு மிகப் பரவலான விடை 'கூட்டு விதி'. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் கோணக் குவாண்டம் எண்ணையும் கூட்டினால் வரும் தொகை குறைந்த ஆர்பிட்டால் முதலில் நிரம்பும்; தொகை சமமானால் முதன்மை எண் சிறியது முந்தும். 4எஸ்-க்கு 4, 3டி-க்கு 5, ஆகவே 4எஸ். பிரெஞ்சுக்காரரான சார்ல்ஸ் ஜானே 1920களின் இறுதியில் அமைத்த அட்டவணையிலேயே இந்த ஒழுங்கு தெரிகிறது. எர்வின் மாடெலுங் 1936-இல் அதை விதியாக அச்சிட்டதால் அவர் பெயரே நிலைத்தது. சாய்வு அம்புகள் போட்ட அந்தப் படத்தை வரையாத வேதியியல் குறிப்பேடு இருக்காது. அட்டவணையின் நீள அகலத்தை, அதாவது 2, 8, 8, 18, 18, 32 என்ற வரிசைகளை, ஒரு வரியில் மீட்டுத் தருவது இந்த விதியின் பலம். நிரம்பும் ஒழுங்கைச் சொல்லும் விதியை ஆற்றலின் ஒழுங்காகப் படித்துவிடுவதுதான் நம்முடைய பிழை.

அளவீடுகள் என்ன சொல்கின்றன? ஹைட்ரஜனில் ஆற்றல் முதன்மை எண்ணைப் பொறுத்தது. 3எஸ், 3பி, 3டி மூன்றும் −1.51 எலக்ட்ரான்வோல்ட்டில், 4எஸ் −0.85-இல். அங்கே 3டி தெளிவாகக் கீழே. மற்ற எலக்ட்ரான்கள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. 4எஸ் அலையின் ஒரு சிறு பகுதி அணுக்கருவின் அருகே வரை ஊடுருவுகிறது. 3டி வெளியே நின்று, இடையிலுள்ள எலக்ட்ரான்களின் மறைப்பில் அகப்படுகிறது. 19 எலக்ட்ரான் கொண்ட மூன்றை எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் அணுவில் கடைசி எலக்ட்ரான் 4எஸ்-இல் இருக்கிறது; அதை 3டி-க்கு ஏற்ற 2.67 எலக்ட்ரான்வோல்ட் தேவை. அடுத்த தனிமமான கால்சியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால் அதே 19. அங்கும் 4எஸ்தான் கீழே, ஆனால் வித்தியாசம் 1.69 ஆகச் சுருங்கிவிட்டது. ஸ்காண்டியத்திலிருந்து இரண்டை எடுத்தாலும் அதே 19. இங்கே வரிசை தலைகீழ்! எலக்ட்ரான் 3டி-இல் அமர்கிறது, 4எஸ் அதற்கு 3.17 எலக்ட்ரான்வோல்ட் மேலே. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவில்லை, அணுக்கருவின் மின்னூட்டம் மட்டும் 19, 20, 21 என்று ஏறியது. வரிசை புரளும் இடம் இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே இருக்கிறது. படிவம் 4 பாடம் கோடு கிழித்து நிறுத்திய அதே இடம்.

இதைப் பார்த்த பிறகு '4எஸ் எப்போதும் 3டி-யை விடத் தாழ்ந்தது' என்ற வாக்கியம் நிற்க வழியில்லை. ஆனால் அதன் நேர்மாறும் தனியே போதாது. ஸ்காண்டியத்தில் 3டி தாழ்ந்தது என்றால் மூன்று எலக்ட்ரான்களும் 3டி-க்கே போகாமல், நடுநிலை அணுவில் ஒன்று 3டி-யிலும் இரண்டு 4எஸ்-இலும் இருப்பது ஏன்? பெல்ஜியத்தின் வான்குவிக்கென்போர்னும் குழுவினரும் 1989, 1994 ஆண்டுகளிலும், மெல்ரோஸும் எரிக் ஸ்கெர்ரியும் 1996-இலும், ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ் 2010-இலும் தந்த விளக்கங்கள் பெரும்பாலும் ஒரு கருத்தில் கூடுகின்றன. 3டி சிறிய, நெருக்கமான மேகம். அதில் ஒன்றுக்கு மேல் நுழைந்தால் அவற்றுக்கிடையே விலக்கு விசை கடுமையாகும். 4எஸ் அகன்று பரவியது, நெரிசல் குறைவு. முதல் எலக்ட்ரானுக்கு 3டி லாபம். அடுத்தவற்றைத் தொலைவில் வைப்பது அணு முழுவதற்கும் மலிவு. எந்த ஆர்பிட்டால் கீழே என்பதைவிட, எந்தப் பங்கீட்டில் அணுவின் மொத்த ஆற்றல் குறையும் என்பதே இங்கே கேட்க வேண்டியது. அயனியாகும்போது வெளியே தளர்வாக நிற்கும் 4எஸ் முதலில் போவதில் அதன் பிறகு எந்த முரணும் மிஞ்சவில்லை. நிரப்புவதும் எடுப்பதும் ஒரே ஏணியில் ஏறி இறங்கும் வேலை அல்ல. ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அணுக்கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது. அயனியாகும்போது அணுக்கரு மாறுவதில்லை.

இதற்கு ஆய்வுக்கூடம் தேடவும் வேண்டாம். ஜொகூரின் தோட்டப்புறங்களில் மழைக்குப் பின் கால்சட்டையில் அப்பும் செம்மண், இரும்பு ஆக்சைடுகளின் நிறம். ஜப்பானிய நிறுவனம் ஒன்று 1920களில் பத்து பகாட் அருகே ஸ்ரீ மேடானில் தோண்டிக் கப்பலேற்றியதும் இரும்புத் தாதுதான். தனி இரும்பு அணுவுக்கு 3டி-யில் ஆறு, 4எஸ்-இல் இரண்டு என்று எழுதுகிறோம். மண்ணில் இருக்கும் மும்மின்னூட்ட இரும்புக்கு 3டி-யில் ஐந்து, 4எஸ்-இல் ஒன்றுமில்லை. வேதியியலர் நாள்தோறும் கையாளும் இரும்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. வெற்றிடத்தில் தனியே மிதக்கும் அணுவின் அமைப்புக்குப் பாடத்திட்டம் தரும் இடம், அது வேதியியலில் ஆற்றும் பங்கைவிடப் பெரியது என்று ஷ்வார்ட்ஸ் முன்வைத்த குறையை ஒதுக்கிவிட முடியாது.

விதிவிலக்குகள் இன்னொரு சோதனை. குரோமியத்திலும் செம்பிலும் 4எஸ்-இல் ஒன்றே ஒன்று இருப்பதைப் 'பாதி நிரம்பிய, முழுதும் நிரம்பிய கூட்டின் உறுதி' என்று விளக்கி மதிப்பெண் வாங்குவது வழக்கம். அந்த விளக்கம் ஓரளவுக்குத்தான் ஓடும். குரோமியத்துக்கு நேர் கீழே மாலிப்டினம் அதைப் பின்பற்றுகிறது, அதற்கும் கீழே டங்ஸ்டன் பின்பற்றவில்லை. நியோபியத்தில் டி பாதி நிரம்பாமலே எஸ்-இல் ஒன்று குறைகிறது. பலேடியத்தில் 5எஸ் முற்றிலும் காலி. அட்டவணை நெடுக இப்படி ஏறத்தாழ 20 தனிமங்கள் உண்டு. நிக்கலில் இரண்டு அமைப்புகளின் மிகத் தாழ்ந்த மட்டங்களுக்கு இடையே வெறும் 0.025 எலக்ட்ரான்வோல்ட்தான் வித்தியாசம். அத்தனை மெல்லிய இழையில் தொங்கும் முடிவை 'உறுதி' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்குவது, விளக்கம் என்பதைவிடப் பெயர்சூட்டல்.

சந்திரசேகரின் 1944 கணக்கு

ஆர்பிட்டால் தோராயம் எந்த இடத்தில் முறிகிறது என்பதற்கு மிக எளிய எடுத்துக்காட்டைத் தந்தவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிகாகோவில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர். வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்புக்காக அறியப்பட்டவர் இங்கே எங்கே வந்தார்? ஹைட்ரஜன் அணு இன்னோர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு எதிர்மின் அயனியாக முடியும். சூரியனின் மேற்பரப்பு ஒளியை உறிஞ்சுவதில் இந்த அயனிக்குப் பெரும்பங்கு உண்டு என்று 1939-இல் ரூபர்ட் வில்ட் சுட்டிக்காட்டியிருந்தார். உறிஞ்சும் அளவைக் கணக்கிட அயனியின் அலைச்சார்பு தேவைப்பட்டது.

பள்ளிப் பாடம் அந்த அயனியை 1எஸ்-இல் இரண்டு எலக்ட்ரான் என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஹீலியத்துக்கும் அதே அமைப்பு. ஆனால் இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே அளவுள்ள எளிய 1எஸ் ஆர்பிட்டாலில் வைத்து, அந்த அளவை எவ்வளவு சரிசெய்தாலும் கிடைக்கும் ஆற்றல் −12.86 எலக்ட்ரான்வோல்ட். வெறும் ஹைட்ரஜன் அணுவுக்கே −13.6. அதாவது கணக்கின்படி இரண்டாவது எலக்ட்ரான் ஒட்டவே கூடாது. இயற்கையிலோ ஒட்டுகிறது, அதைப் பிரிக்க 0.75 எலக்ட்ரான்வோல்ட் தேவை. 1944-இல் சந்திரசேகர் ஒன்றுக்குச் சுருங்கிய மேகமும் மற்றொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அகன்ற மேகமும் கொடுத்தார். எந்த எலக்ட்ரானுக்கு எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டு ஏற்பாடுகளையும் கூட்டி எழுதினார். ஆற்றல் −13.97 ஆகி அயனி பிழைத்தது. ஒன்று அருகே இருக்கும்போது மற்றொன்று தொலைவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கவனித்து நடந்துகொள்கின்றன. அந்தக் கவனிப்பை 'ஒரு ஆர்பிட்டால், இரண்டு எலக்ட்ரான்' என்ற கட்டம் பதிவுசெய்வதில்லை. அட்டவணையின் முதல் தனிமத்தில், இரண்டே எலக்ட்ரான்களில் இப்படி என்றால், 26 எலக்ட்ரான் கொண்ட இரும்பில் ஆர்பிட்டாலை எழுத்துக்கு எழுத்து நம்புவது துணிச்சல்தான்.

இல்லை என்றவர்கள், பார்த்தோம் என்றவர்கள்

இந்தத் தருக்கத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் கனடாவைச் சேர்ந்த ஜான் ஓகில்வி. ஆர்பிட்டால் என்று எதுவும் இல்லை என்பதையே 1990-இல் தன் கட்டுரையின் தலைப்பில் வைத்தார். அலைச்சார்பைக் கணக்கிடும் பல வழிகளில் ஒன்றின் இடைநிலைக் கருவி அது. அதை வைத்து வடிவமும் பிணைப்பும் கற்பிப்பது வேதியியலைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. 1992-இல் லினஸ் பாலிங், அந்தக் கட்டுரை வந்த இதழிலேயே மறுப்பு எழுதினார். வேறொரு பக்கத்திலிருந்து வந்த ஆதரவும் ஓகில்விக்குப் பயன்பட்டிருக்கும். மொத்த எலக்ட்ரான் அடர்த்தி ஒன்றே ஓர் அமைப்பின் அடிமட்ட ஆற்றலைத் தீர்மானிக்கும் என்று 1964-இல் ஹோஹன்பெர்க்கும் வால்டர் கோனும் நிறுவியிருந்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே கோனும் ஷாமும் அந்தத் தேற்றத்தைக் கணிப்புக்குக் கொண்டுவரும் முறையை எழுதியபோது, ஆர்பிட்டால்கள் பின்வாசல் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிட்டன. இன்று ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பொருளறிவியலாளர் நடத்தும் அடர்த்திக் கணிப்புகளும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. இல்லாத ஒன்று எதற்காக ஒவ்வொரு கணிப்பிலும் தலைகாட்டுகிறது என்ற கேள்விக்கு ஓகில்வி தரப்பில் நிறைவான விடை இல்லை.

மறுமுனையில், ஆர்பிட்டாலைப் படம் பிடித்துவிட்டோம் என்ற அறிவிப்புகள். 1999-இல் செம்பு ஆக்சைடில் டி வடிவ வெற்றிடத்தைக் கண்டதாக ஒரு குழு 'நேச்சர்' இதழில் எழுதியது. 2004-இல் நைட்ரஜன் மூலக்கூறின் ஆர்பிட்டாலை லேசர் துடிப்புகளால் மீட்டெடுத்ததாக இன்னொரு குழு எழுதியது. முதலாவதற்கு ஸ்கெர்ரி உடனே எதிர்ப்புச் சொன்னார்: அளந்தது அடர்த்தியின் வேறுபாடு, ஆர்பிட்டால் அல்ல. கொள்கையளவில் அவர் சொன்னது சரி. பல எலக்ட்ரான் அணுவில் தனி ஆர்பிட்டால் அளவிடத்தக்க பொருள் அல்ல. இருந்தாலும் 'அப்படியானால் ஒன்றுமே காணவில்லை' என்று தாண்டிப்போவதும் அவசரம். ஓர் எலக்ட்ரானை வெளியேற்றும் சோதனைகளில், பல எலக்ட்ரான் கொண்ட அணுவின் அலைச்சார்புக்கும் ஒன்று குறைந்த அயனியின் அலைச்சார்புக்கும் இடைப்பட்ட மேற்பொருத்தம் பதிவாகிறது. அதை டைசன் ஆர்பிட்டால் என்பார்கள். அது பாடநூல் ஆர்பிட்டாலைப் பெரும்பாலும் ஒத்திருக்கும், சில இடங்களில் ஒத்திராது.

இங்கேயே இன்னோர் எதிர்வாதத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஒளிமின் நிறமாலையில் ஒவ்வொரு ஆர்பிட்டாலுக்கும் தனித்தனி முகடு விழுகிறதே, ஆற்றல் ஆர்பிட்டாலுக்குச் சொந்தம் என்பதற்கு அதைவிடச் சான்று என்ன வேண்டும்? அந்த முகடு அணுவின் ஆற்றலுக்கும் அயனியின் ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம். மீதமுள்ள எலக்ட்ரான்கள் அசையாமல் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அது ஆர்பிட்டால் ஆற்றலுக்குச் சமம் என்று 1934-இல் கூப்மன்ஸ் காட்டினார். அவை அசைகின்றன என்பதுதான் நிபந்தனையின் பலவீனம். ஹைட்ரஜனில் மட்டும் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே எலக்ட்ரான், ஆகவே ஆர்பிட்டாலே முழு அலைச்சார்பு. 2013-இல் ஆம்ஸ்டர்டாமில் ஸ்டொடொல்னாவும் குழுவினரும், மின்புலத்தில் வைத்த ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து வெளிவந்த எலக்ட்ரான்களைத் திரையில் சேர்த்து, அலைச்சார்பின் கணுக்களை வளையங்களாகக் கண்டார்கள். மின்புலம் உருமாற்றிய நிலைகள் அவை, டம்பெல்கள் அல்ல. ஒற்றை அணுவின் படமும் அல்ல, எண்ணற்ற அணுக்களின் தொகுப்பு. இத்தனை அடைப்புக்குறிகளோடும், ஆர்பிட்டாலுக்கு மிக அருகில் சென்ற காட்சி அது என்றே சொல்லத் தோன்றுகிறது.

லேடாங் மலையடியில்

தங்காக் நகருக்குப் பின்னால் நிற்கும் லேடாங் மலையை ஐரோப்பிய மாலுமிகள் பைபிளில் வரும் பொன்னாட்டின் பெயரால் ஓஃபிர் என்றார்கள். பொன் ஏன் மஞ்சள், வெள்ளி ஏன் வெள்ளை என்ற கேள்வியை அந்த மலையடிக் கல்லூரியில் யாராவது கேட்டால், எஸ்-டி வரிசையின் விடை மேலும் ஒரு படி போக வேண்டியிருக்கும். தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். உள் எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு. சார்பியல் விளைவால் எஸ் ஆர்பிட்டால்கள் சுருங்கித் தாழ்கின்றன. அவற்றின் மறைப்பு கூடுவதால் 5டி சற்றே விரிந்து உயர்கிறது. இரண்டுக்கும் இடைவெளி குறைந்து, நீல ஒளி உறிஞ்சப்படுகிறது. எஞ்சியது மஞ்சளாகத் திரும்புகிறது. வெள்ளியில் அதே இடைவெளி புற ஊதாவில் இருப்பதால் கண்ணுக்கு எதுவும் குறைவதில்லை. 1970களின் இறுதிவரை பாடநூல்கள் அதிகம் தொடாத விளக்கம் இது. பெக்கா பூக்கோ போன்றோர் அதைப் பரவலாக்கினார்கள். கூட்டு விதியில் அணுக்கருவின் மின்னூட்டத்துக்கே இடமில்லை. அட்டவணையின் கீழ்ப்பகுதியிலோ வரிசையை அதுவே ஆட்டிவைக்கிறது.

இன்னும் தீராதவை

மாடெலுங் விதியை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்து யாரும் நேரடியாக வருவிக்கவில்லை என்று 1969-இல் ஸ்வீடன் வேதியியலர் லோவ்தின் குறிப்பிட்டார். அதன்பின் பல முயற்சிகள் வந்தன, எதுவும் எல்லாராலும் ஏற்கப்படவில்லை. இவ்வளவு விதிவிலக்குகள் கொண்ட ஒன்றை வருவிக்க வேண்டுமா என்பதே சிலருடைய ஐயம். தனி அணுக்களுக்கு உரிய விதியா, அட்டவணையின் ஒட்டுமொத்தப் போக்குக்கு உரிய விதியா என்று முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமாகவே படுகிறது. கற்பித்தலிலும் வழக்கு முடியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எளிய விதி ஒன்று வேண்டும் என்ற ஆசிரியரின் வாதத்தில் நியாயம் உண்டு. அந்த எளிமைக்காக உண்மையைக் கைவிட வேண்டியதில்லை. '4எஸ் தாழ்ந்தது' என்பதற்குப் பதில் 'நடுநிலை அணுவில் 4எஸ் முதலில் எழுதப்படும்' என்றால் சொல்லும் கூடாது, பொய்யும் சேராது.

விதி கடைசியாகத் தடுமாறும் இடம் 103-ஆம் தனிமமான லாரன்சியம். கூட்டு விதியின்படி அதன் கடைசி எலக்ட்ரான் 6டி-இல் இருக்க வேண்டும். சார்பியலைச் சேர்த்த கணக்குகள் 7பி என்கின்றன. 2015-இல் ஜப்பானின் தோக்காயில் உள்ள ஆய்வுக்கூடத்தில், ஒவ்வோர் அணுவாக உண்டாக்கி அதன் அயனியாக்க ஆற்றலை அளந்தார்கள்: 4.96 எலக்ட்ரான்வோல்ட். அவ்வளவு குறைந்த மதிப்பு 7பி கணக்கோடு ஒத்துப்போகிறது.